அணுகற் சீட்டும் தானியங்கு நிரலும்: கணினிகளுக்கிடையே நம்பிக்கை இயங்கும் முறை பற்றிய ஒரு விளக்கம்

1. தோற்றுவாய்

ஆய்வாளர் ஒருவர் தமக்கு வேண்டிய தரவுகளைப் பெறுவதற்கு நூலக வாயிலிலோ ஆவணக் காப்பகத்தின் மேசையிலோ காத்திருந்த நிலை இன்று பெருமளவு மாறிவிட்டது. வானிலைப் பதிவுகள், நூற்பட்டியல்கள், செய்மதிப் படங்கள் முதலியன இணையத்தின் வழியே ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு நேராகக் கையளிக்கப்படுகின்றன. மனிதர் வாசிப்பதற்கென அமைந்த பக்கங்களின் வழியாக அன்றி, நிரல்கள் தம்முள் உரையாடுவதற்கென வகுக்கப்பட்ட ஓர் ஒழுங்கின்வழி இது நிகழ்கின்றது. இவ்வொழுங்கே இணைய நிரல் இடைமுகம் எனப்படுவது. சுருக்கமாக ஏ.பி.ஐ. என வழங்குவர்.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். ஐரோப்பிய ஒன்றியத்தின் கொப்பேர்னிக்கஸ் திட்டத்தைச் சேர்ந்த சென்ரினல்-2 செய்மதிகள் புவியின் நிலப்பரப்பைத் தொடர்ந்து படம்பிடித்து வருகின்றன. 2015 யூன் மாதத்தில் முதலாவது செய்மதியும் 2017 மார்ச் மாதத்தில் இரண்டாவதும் ஏவப்பட்டன. இரண்டும் சேர்ந்து இயங்கும்பொழுது ஏறத்தாழ ஐந்து நாட்களுக்கு ஒருமுறை ஓரிடத்தின் படம் கிடைக்கும். சில அலைக்கற்றைகளில் 10 மீற்றர் அளவான நுண்மையும் உண்டு. மட்டக்களப்பு வாவியின் நீர்ப்பரப்பு மாற்றத்தை ஆராய முனையும் ஒருவர், ஆண்டுக்கு 73 படங்கள் என்ற கணக்கில், எட்டாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்துக்கு 600 படங்களைப் பெறவேண்டியிருக்கும். இவற்றைக் கையால் ஒவ்வொன்றாக இறக்குவது இயலாத காரியம். ஆகவே அவர் ஒரு சிறு நிரலை எழுதி, மின்சாரமும் இணைய இணைப்பும் ஓரளவு சீராக இருக்கும் இரவு வேளையில் அதனை இயங்கவிட்டு உறங்கச் செல்கின்றார். காலையில் வந்து பார்க்கும்பொழுது முதலாவது மணித்தியாலத்துக்குரிய படங்கள் மாத்திரமே வந்திருக்கின்றன. எஞ்சிய கோப்புகள் அனைத்தும் "அநுமதி இல்லை" என்ற ஒரே செய்தியைத் தாங்கி நிற்கின்றன.

நிரல் தொடக்கத்தில் பெற்ற அணுகல் உரிமை ஒரு மணித்தியாலத்தில் காலாவதியாயிற்று. அதனைப் புதுப்பிக்க நிரலுக்குக் கற்பிக்கப்படவில்லை. தரவைத் தேடிச் செல்லும் ஆய்வாளர் பலர் இவ்விடத்தில் இடறியுள்ளனர். ஆங்கிலத்தில் அக்ஸஸ் ரோக்கன் எனப்படும் இவ்வுரிமையை இங்கு 'அணுகற் சீட்டு' என வழங்குவோம். அச்சீட்டின் வரலாற்றுப் பின்னணி, அதனை மனிதர் தலையீடின்றிப் பெறும் முறை, அதனைப் பேணுவதில் உள்ள பொறுப்பு, அதனை வழங்கும் அதிகாரம் யாரிடம் உள்ளது என்னும் வினா ஆகியவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கடவுச்சொல்லிலிருந்து சீட்டு வரை

ஒரே கணினியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தத் தொடங்கியபொழுதே கடவுச்சொல்லின் தேவை எழுந்தது. மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் கோர்பற்றோவின் தலைமையில் உருவாகி 1961 இல் செயல்முறையிற் காட்டப்பட்ட நேரப்பங்கீட்டு முறைமை இதற்கு முன்னோடியாகும். அங்கே 1962 இல் அலன் ஷேர் என்னும் ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் ஆய்வுக்குப் போதாமையால், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிடச் செய்து பிறருடைய நேரத்தைப் பயன்படுத்தினார். இச்செய்தியைப் பிற்காலத்தில் அவரே வெளியிட்டார். வளம் அரிதாக இருக்குமிடத்தில் அதனைக் காக்கும் பூட்டும் அப்பூட்டைத் திறக்கும் முயற்சியும் ஒருங்கே தோன்றுகின்றன என்பதற்கு இது தொடக்ககாலச் சான்றாகும்.

கணினிகள் வலையமைப்பாக இணைந்தபொழுது சிக்கல் வேறு வடிவம் பெற்றது. ஒவ்வொரு சேவைக்கும் கடவுச்சொல்லை அனுப்பிக்கொண்டிருந்தால், வழியில் எவரும் அதனைக் கவர்ந்துகொள்ளலாம். 1978 இல் நீடாம், ஷ்ரோடர் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, இரு தரப்பாரும் நம்பும் மூன்றாவது சேவையகம் ஒன்றின் துணையோடு அடையாளத்தை நிறுவும் முறைகளை முன்வைத்தது. அதனை அடியாகக் கொண்டு 1980களில் மசாசூசெற்ஸ் நிறுவனத்தின் அதீனா திட்டத்தில் கேர்பெரொஸ் முறைமை உருவாயிற்று. பாவனையாளர் தமது கடவுச்சொல்லைக் கொண்டு தம்மை ஒருமுறை நிறுவிக்கொள்வார். அதன்பின் குறித்த கால எல்லையுடைய சீட்டுகளையே பிற சேவைகளிடம் காட்டுவார். சீட்டு என்ற கருத்தும் அதற்கு ஆயுள் உண்டு என்ற கருத்தும் இவ்வாறு நிலைபெற்றன.

இருபத்தோராம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில், ஒரு நிறுவனத்தில் உள்ள தம் தரவை வேறொரு நிறுவனத்தின் செயலி பயன்படுத்தவேண்டும் எனப் பாவனையாளர் விரும்பும் நிலை பெருகியது. அக்காலத்திற் பல செயலிகள் பாவனையாளரின் கடவுச்சொல்லையே கேட்டுப் பெற்றன. ஓர் அலுமாரியில் உள்ள ஒரு கோப்பைப் பார்ப்பதற்கு வீட்டின் திறப்புக் கோவையையே கையளிப்பதற்கு இது ஒப்பாகும். இந்நிலைக்கு மாற்றாக ஓஓத் என்னும் பொது ஒழுங்கு வகுக்கப்பட்டது. அதன் முதற் பதிப்பு 2007 டிசெம்பரில் வெளிவந்தது. இரண்டாம் பதிப்பு, இணையப் பொறியியற் செயலணியின் 6749 ஆம் இலக்க ஆவணமாக 2012 ஒக்டோபரில் வெளியாயிற்று.

இவ்விரு பதிப்புகளுக்கும் இடையிலான வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. முதற் பதிப்பில் ஒவ்வொரு வேண்டுகோளும் இரகசியத் திறவினால் ஒப்பமிடப்படல் வேண்டும். இரண்டாம் பதிப்பு, இச்சுமையைத் தவிர்க்கும் பொருட்டு, 'கொணர்பவர் சீட்டு' என்னும் வகையை முதன்மைப்படுத்தியது. 6750 ஆம் இலக்க ஆவணம் இதனை விரிவாக வரையறுத்தது. சீட்டை யார் கொண்டுவருகிறாரோ அவருக்கே உரிமை. கொண்டுவருபவருக்குப் பணம் கொடுக்கப்படும் காசோலையின் தன்மையே இதற்கும் உண்டு. வழியில் அது களவுபோகாமற் காக்கும் பொறுப்பு, தொடர்பை மறைக்குறியாக்கும் கீழ்நிலை ஒழுங்கிடம் விடப்பட்டது. 6749 ஆம் இலக்க ஆவணத்தின் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்த எரன் ஹாமர், இறுதி வடிவம் வெளிவருமுன்னரே, பெருநிறுவனங்களின் தேவைகளுக்கு இடங்கொடுத்து ஒழுங்கு தன் தெளிவை இழந்துவிட்டது என்று குறைகூறி 2012 யூலையில் அப்பொறுப்பிலிருந்து விலகினார். தொழினுட்ப நியமங்களும் நலன்களின் மோதலிலிருந்தே பிறக்கின்றன என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்தும்.

3. வேண்டுகோளின் அமைப்பு

இரண்டாம் பதிப்பு நான்கு பாத்திரங்களை வரையறுக்கின்றது: தரவின் உரிமையாளர், தரவை நாடும் நிரல், சீட்டை வழங்கும் அநுமதிச் சேவையகம், தரவை வைத்திருக்கும் வளச் சேவையகம். தனி ஒருவரின் தரவை அவருடைய சம்மதத்தோடு நாடும்பொழுது நால்வரும் பங்குகொள்வர். ஆனால் நிரல் தன் சொந்தப் பெயரிலேயே இயங்கும்பொழுது உரிமையாளர் இடையில் வரவேண்டியதில்லை. இரவில் தனியே இயங்கும் நிரலுக்குப் பெரும்பாலும் பொருந்துவது இவ்வகையாகும். இதனை 'நிரற்சான்று முறை' எனலாம்.

இம்முறையில் ஆய்வாளர் முதலில் ஒருமுறை மாத்திரம் தம் நிரலைச் சேவையிற் பதிவுசெய்து, நிரலின் அடையாளப் பெயர், இரகசியச் சொல் என்னும் இரண்டையும் பெறுகிறார். அதன்பின் நிரல் தானே பின்வருமாறு செயற்படும். முதலாவதாக, அநுமதிச் சேவையகத்தின் குறித்த முகவரிக்கு, மறைக்குறியாக்கப்பட்ட தொடர்பின் வழியே, 'இடுகை' வகையிலான வேண்டுகோள் ஒன்றை அனுப்பும். தான் நாடும் முறை நிரற்சான்று முறை என்பதும், தன் பெயரும் இரகசியச் சொல்லும், விரும்பும் உரிமையின் எல்லையும் அதில் அடங்கும். பெயரும் இரகசியச் சொல்லும் சில சேவைகளில் வேண்டுகோளின் தலைப்பிலே, 64 குறிகளால் மாற்றியெழுதும் முறையில் அமைக்கப்படும். அம்மாற்றெழுத்தை மறைக்குறியாக்கம் என மயங்கலாகாது. அதனை எவரும் நொடிப்பொழுதில் மீட்டெழுதலாம்.

இரண்டாவதாக, சேவையகம் சான்றுகளைச் சரிபார்த்து மறுமொழி ஒன்றைத் தரும். அதில் மூன்று செய்திகள் முக்கியமானவை: சீட்டாகிய நீண்ட எழுத்துத்தொடர், சீட்டின் வகை, அது செல்லுபடியாகும் காலம். காலம் வினாடிகளிற் குறிக்கப்படும். 3600 எனின் ஒரு மணித்தியாலம். மூன்றாவதாக, நிரல் வளச் சேவையகத்துக்கு அனுப்பும் ஒவ்வொரு வேண்டுகோளின் தலைப்பிலும் அச்சீட்டை இணைக்கும். இரகசியச் சொல் வளச் சேவையகத்துக்கு ஒருபொழுதும் செல்வதில்லை. சீட்டு களவுபோனாலும் இழப்பு அதன் ஆயுளோடு முடிகின்றது. சீட்டின் குறுகிய ஆயுள் ஆய்வாளருக்குத் தொல்லையாகத் தோன்றினும், அவருடைய பாதுகாப்பின் அடிப்படையும் அதுவேயாகும்.

4. நிரல் அறிந்திருக்கவேண்டியவை

சீட்டைப் பெறும் பகுதியைப் பைதன் போன்ற மொழியிற் சில வரிகளில் எழுதிவிடலாம். அச்சீட்டை எப்பொழுது புதிதாகக் கேட்பது, எப்பொழுது கேளாதிருப்பது என்பதிலேயே நிரலின் தரம் தங்கியுள்ளது.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு புதிய சீட்டைக் கேட்பது எளிதான வழி. ஆயின் அது சேவையகத்துக்கு வீண்சுமை. பல சேவைகள் இவ்வாறு கேட்போரைத் தடுத்துவிடும். முன்னைய எடுத்துக்காட்டில் ஒரு படம் இறங்க 40 வினாடி ஆகும் எனவும், சீட்டின் ஆயுள் 3600 வினாடி எனவும் கொள்வோம். 600 படங்களுக்கு 24,000 வினாடி, அதாவது 6 மணி 40 நிமிடம் செல்லும். ஆயுள் முடிவதற்கு 60 வினாடி முன்னரே சீட்டைப் பழையதெனக் கருதும் நிரல், ஒரு சீட்டைக் கொண்டு 89 படங்களை இறக்கத் தொடங்கலாம். ஆகவே 600 சீட்டுகளுக்குப் பதிலாக 7 சீட்டுகளே போதுமானவை.

இதற்கு நிரல் இரு செய்திகளை நினைவில் வைத்திருத்தல் வேண்டும்: சீட்டு, அது காலாவதியாகும் நேரம். நேரத்தைக் கணக்கிடும்பொழுது மறுமொழி வந்த கணத்திலிருந்து அன்றி, வேண்டுகோள் அனுப்பிய கணத்திலிருந்து எண்ணுவது சிறந்தது. இணைப்பு மந்தமாக உள்ள இடங்களில் இடைப்பட்ட வினாடிகளே தவறுக்குக் காரணமாகலாம். மேற்கூறிய 60 வினாடி எல்லையும் இதன்பொருட்டே விடப்படுவது. நிரலின் பல கிளைகள் ஒரே நேரத்தில் இயங்குமாயின், ஒரு கிளை சீட்டைப் புதுப்பிக்கும்பொழுது ஏனையவை காத்திருக்குமாறு ஒரு பூட்டு அமைத்தலும் அவசியம்.

அடுத்து, தவறு நேரும்பொழுது நிரல் நடந்துகொள்ளவேண்டிய முறை நோக்கத்தக்கது. சேவையகங்கள் தம் மறுமொழியை இலக்கங்களால் உணர்த்துகின்றன. வளச் சேவையகம் 401 எனக் கூறின் சீட்டு ஏற்கப்படவில்லை என்பது பொருள். நிரல் அச்சீட்டை எறிந்துவிட்டுப் புதியதொன்றைப் பெற்று ஒரேயொரு முறை மீண்டும் முயலவேண்டும். இரண்டாம் முறையும் 401 வருமாயின் நின்றுவிடல் வேண்டும். 403 எனின் சீட்டு ஏற்கப்பட்டது, ஆனால் அத்தரவுக்கு உரிமை இல்லை. புதிய சீட்டு பெறுவதால் இங்கே பயனில்லை. 429 எனின் அளவுக்கு மிஞ்சிக் கேட்டுவிட்டோம். எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும் எனச் சேவையகம் குறிப்பிடுமாயின் அதற்கு அமைதல் வேண்டும். 500 முதலான இலக்கங்கள் சேவையகத்தின் தற்காலிகத் தளர்ச்சியைக் காட்டுவன. 1, 2, 4, 8 வினாடி என இடைவெளியை இரட்டித்து, சிறிது ஒழுங்கின்மையையும் சேர்த்து, மீண்டும் முயலலாம். அவ்வொழுங்கின்மை ஏனெனில், தளர்ந்த சேவையகத்தை ஆயிரம் நிரல்கள் ஒரே வினாடியில் மீண்டும் தட்டினால் அது எழவே மாட்டாது. அநுமதிச் சேவையகமே சான்றுகளை மறுக்குமாயின் எம்முயற்சியும் வீண். நிரல் நின்று, மனிதருக்கு அறிவித்தல் வேண்டும்.

குறித்த நேரத்தில் நிரலை இயக்கும் க்ரொன் போன்ற ஏற்பாடுகளில் மேலும் ஒரு பொறி உண்டு. பகலில் ஆய்வாளர் தாமே இயக்கும்பொழுது சரியாக நடக்கும் நிரல், இரவில் தானாக இயங்கும்பொழுது இரகசியச் சொல்லைக் காணாது விழும். க்ரொன் இயக்கும் சூழல் ஆய்வாளரின் வழக்கமான சூழலினின்றும் வேறானது. அவர் தம் அமர்வில் வரையறுத்த மாறிகள் அங்கே இருக்கமாட்டா. ஆகவே நிரல் தன் சான்றுகளை எங்கிருந்து வாசிக்கும் என்பது வெளிப்படையாகக் குறிக்கப்படல் வேண்டும்.

தனி ஒருவரின் சம்மதம் தேவைப்படும் தரவுகளுக்கு நிரற்சான்று முறை பொருந்தாது. அங்கே அவ்வொருவர் முதன்முறை மட்டும் தம் சம்மதத்தை அளிக்க, நிரல் 'புதுப்பித்தற் சீட்டு' ஒன்றையும் பெற்று வைத்துக்கொள்ளும். உலாவி இல்லாத கணினிகளுக்கென 2019 இல் வெளியான 8628 ஆம் இலக்க ஆவணம் ஒரு வழியை வகுத்தது: நிரல் ஒரு சிறு குறியீட்டைக் காட்டும், பாவனையாளர் தம் கைத்தொலைபேசியில் அதனை இட்டு அநுமதிப்பார். பாவனையாளரின் கடவுச்சொல்லையே நிரலில் எழுதிவைத்துச் சீட்டைப் பெறும் பழைய வழியை 2025 சனவரியில் வெளியான 9700 ஆம் இலக்க ஆவணம் முற்றாக விலக்கியுள்ளது.

5. இரகசியத்தைப் பேணுதல்

தானியக்கம் மனிதனின் இடத்தில் நிரலை நிறுத்துகின்றது. மனிதன் தன் நினைவில் வைத்திருந்த இரகசியம் இப்பொழுது எங்கோ எழுத்தில் இருந்தாகவேண்டும். தானியக்கத்தின் அடிப்படை முரண்பாடு இதுவே. நிரலின் உள்ளேயே இரகசியச் சொல்லை எழுதிவிடுதல் பரவலான தவறு. ஆய்வு நிரல்கள் பகிர்ந்துகொள்ளப்படுவன. பகிரும்பொழுது இரகசியமும் உடன் செல்லும். பதிப்புக் கட்டுப்பாட்டு முறைமைகளில் அதனைப் பின்னர் அழித்தாலும் பழைய பதிப்பில் அது நிலைத்திருக்கும். அத்தகைய நிலையில் வரியை நீக்குவது பரிகாரமாகாது. இரகசியத்தையே செல்லாததாக்கி வேறு பெறுதல் வேண்டும்.

இதன் விளைவுகளுக்குச் சான்றுகள் உள. 2016 இல் ஊபர் நிறுவனத்தின் நிரற் களஞ்சியத்துட் புகுந்தோர் அங்கே கிடந்த சான்றுகளைக் கொண்டு 5 கோடியே 70 இலட்சம் பேரின் விவரங்களைக் கவர்ந்தனர். இது 2017 நவம்பரிலேயே வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. 2022 ஏப்பிரலில், ஹெரோக்கு, ட்ராவிஸ் ஆகிய இரு சேவைகளுக்கென வழங்கப்பட்டிருந்த ஓஓத் சீட்டுகள் களவாடப்பட்டு, பல நிறுவனங்களின் தனிக் களஞ்சியங்கள் இறக்கப்பட்டதாகக் கிற்ஹப் அறிவித்தது. கொணர்பவர் சீட்டின் இயல்பு இங்கே தெளிவாகும். கொண்டுவந்தவர் யார் என்று அது கேட்பதில்லை.

ஆகவே இரகசியச் சொல் நிரலுக்கு வெளியே, உரியவர் மாத்திரம் வாசிக்கக்கூடிய கோப்பில் இருத்தல் வேண்டும். சீட்டோ இரகசியமோ பதிவேடுகளிலும் இணைய முகவரிகளிலும் எழுதப்படலாகாது. வாசிக்கும் உரிமை போதுமான இடத்தில் எழுதும் உரிமையைக் கேட்கலாகாது. ஒரு துறையினர் அனைவரும் ஒரே சான்றைப் பங்கிடுவதும் தவிர்க்கத்தக்கது. அவ்வாறு பங்கிட்டால், ஒருவர் விலகும்பொழுது அனைவருடைய வேலையையும் நிறுத்தாமல் அவருடைய உரிமையை மீட்க இயலாது.

6. சீட்டை வழங்குபவர் யார்?

இதுவரை கூறியவை யாவும் சீட்டு கேட்டாற் கிடைக்கும் என்ற எடுகோளின்மேல் நிற்பவை. அவ்வெடுகோளும் ஆராயப்படல் வேண்டும். கொப்பேர்னிக்கஸ் படங்கள் பொதுப்பணத்தில் உருவானவை. எவரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்பது அத்திட்டத்தின் சட்டபூர்வமான கொள்கை. அங்கே சீட்டு, வரிசையை ஒழுங்குசெய்யும் கருவியாகவே அமைகின்றது.

தனியார் நிறுவனங்களின் நிலை இதனின்றும் வேறானது. ருவிற்றர் நிறுவனம் 2021 சனவரியில் ஆய்வாளர்களுக்கெனத் தனி வழியைத் திறந்தது. மாதத்துக்கு ஒரு கோடி பதிவுகள் வரை கட்டணமின்றிப் பெற முடிந்தது. நிறுவனம் கைமாறியபின், 2023 பெப்ரவரியில், இலவச அணுகலை நிறுத்துவதாக அறிவித்தது. ஆய்வாளர் வழியும் அவ்வாண்டிலேயே மூடப்பட்டது. ரெடிற் நிறுவனம் 2023 யூலை முதல் பேரளவு அணுகலுக்குக் கட்டணம் விதிக்க, அதனை நம்பி இயங்கிய அப்போலோ என்னும் செயலி யூன் 30 ஆம் திகதியோடு மூடப்பட்டது. அப்பதிவுகளை எழுதியோர் கோடிக்கணக்கான சாதாரண மக்கள். அவர்களுடைய கூட்டு உழைப்பின் பயனுக்கு வாயிற்காவலராக நிற்போர், சீட்டை மறுப்பதன் மூலம் அதனைப் பண்டமாக்க முடிந்தது. பிழையின்றி எழுதப்பட்ட நிரலும் ஒரே நாளிற் பயனற்றுப் போயிற்று.

2022 இல் நிறைவேறிய ஐரோப்பிய ஒன்றியத்தின் எண்ணிமச் சேவைகள் சட்டம், அதன் 40 ஆம் உறுப்புரையில், மிகப்பெரிய இணையத் தளங்களின் தரவைத் தகுதி பெற்ற ஆய்வாளர் அணுகுவதற்கு வழிசெய்கின்றது. நிறுவனத்தின் தயவிலிருந்து சட்டத்தின் உரிமைக்கு நகரும் இம்மாற்றம் எவ்வளவு தூரம் பயன் தரும் என்பது நடைமுறையிலேயே தெளிவாகும். ஆயினும் வினா சரியான இடத்தில் எழுப்பப்பட்டுள்ளது எனலாம்.

7. முடிவுரை

அணுகற் சீட்டு, கடவுச்சொல்லைப் பரப்பாமல் நம்பிக்கையைக் கையளிப்பதற்கு மனிதர் கண்ட வழி. அதனைத் தானாகப் பெறும் நிரல், சீட்டின் ஆயுளை அறிந்து, வேண்டும்பொழுது மட்டும் கேட்டு, மறுக்கப்படும்பொழுது காரணத்தைப் பகுத்தறிந்து, தீராத தவறில் நின்று அறிவிக்கவேண்டும். இவை தெரிந்த ஆய்வாளரின் இரவு வீண்போகாது. அதே வேளையில், பிறர் வழங்கும் சீட்டில் முற்றாகத் தங்கிய ஆய்வு பிறர் கையிலேயே இருக்கின்றது. ஆகவே பெற்ற தரவுகளை உரிமங்கள் இடமளிக்கும் அளவுக்கு நம் பல்கலைக்கழக நூலகங்களிற் சேமித்து வைத்தலும், பொதுப்பணத்தில் உருவான தரவுகள் பொதுவாகவே இருக்கவேண்டும் எனக் கோருதலும், நிரல் எழுதுவதற்கு ஒப்பான கடமைகளாகும்.